கையால் சாக்ஸ் பின்னுவது: முதல் கண்ணியிலிருந்து கடைசி நூல்முனை வரை

சாக்ஸ் பின்னுவது கஷ்டம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் குதிகாலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். குதிகால் திருப்புவது உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடிகிற வேலை, சொன்னபடி எண்ணிக்கொண்டு போனால் தானாகவே வளைந்து வந்துவிடும். நிஜத்தில் ஆட்கள் கைவிடுவது வேறு இடங்களில்: விரல் முனையை மூடாமல், தொங்கும் நூல்முனைகளைச் செருகாமல், இரண்டாவது சாக்ஸைத் தொடங்காமல். பின்னல் பை வைத்திருக்கும் யார் பையைக் கொட்டிப் பார்த்தாலும் ஒற்றைச் சாக்ஸ் ஒன்று கிடைக்கும். அதனால் இங்கே பின்னுவதைச் சொல்லும் அதே அளவுக்கு முடிப்பதையும் சொல்லப் போகிறேன். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும், கண்ணி குறைப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நூலில் சிக்கனம் பார்க்காதீர்கள், ஆனால் ஆடம்பரமும் வேண்டாம். சாக்ஸ் நூல் என்று விற்பதில் பெரும்பாலும் 75% கம்பளி, 25% நைலான் இருக்கும். கம்பளி இழுபட்டுத் திரும்பச் சுருங்கும், நைலான் தேய்மானத்தைத் தாங்கும். 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் நீளம் உள்ள மெல்லிய நூல் என்றால் பெரியவர்களுக்கு ஒரு ஜோடி தாராளமாக வரும். சுத்தமான பருத்தி நூலில் இழுவை இல்லை, இரண்டு முறை போட்டதும் கணுக்காலில் சரிந்து நிற்கும். மிக மென்மையான, முறுக்கு இல்லாத நூலைக் கையில் தொட்டால் ஆசையாக இருக்கும், குதிகாலில் ஒரு மாதம்கூடத் தாங்காது. முறுக்கு இறுக்கமாக உள்ள நூல்தான் காலுக்கு உகந்தது. அப்புறம், முதல் சாக்ஸுக்குக் கருப்பும் கருநீலமும் வேண்டவே வேண்டாம். இரவு விளக்கில் கண்ணி எது, இடைவெளி எது என்று தெரியாமல் கண்தான் வலிக்கும்.

ஊசி 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் முனை உள்ளது, ஐந்து கொண்ட செட். மூங்கில் ஊசி கண்ணியைப் பிடித்து வைக்கும், எஃகு ஊசி வேகமாகப் போகும் ஆனால் நழுவி மடியில் விழும். ஆரம்பத்தில் மூங்கிலோடு போங்கள். இரண்டு முனைகளை ஒரு கயிறு இணைக்கும் 80 சென்டிமீட்டர் வட்ட ஊசியில் அந்தக் கயிற்றை வளையமாக வெளியே இழுத்துப் பின்னுகிறவர்களும் உண்டு, அதுவும் நன்றாகவே வரும், கீழே சொல்லும் கணக்கு எதுவும் மாறாது.

இப்போது கணக்கு. இதைத் தாண்டிக் குதித்தால் பின்னால் அழுவீர்கள். ஒரு சின்னக் குழாயைச் சுற்றுச் சுற்றாகப் பின்னி, அதன் நடுவில் ஸ்கேல் வைத்து 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். தட்டையாகப் பின்னி எண்ணினால் சரிவராது, ஏனென்றால் பலருக்குப் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக விழும், சுற்றில் அந்தப் பர்லே கிடையாது. 30 முதல் 32 கண்ணி வந்தால் நல்ல அடர்த்தி. அதைவிடக் குறைவாக வந்தால் ஊசியை ஒரு அளவு குறையுங்கள், தளர்வான சாக்ஸ் சீக்கிரம் ஓட்டையாகும்.

பாதத்தில் விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 23 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாக்ஸ் காலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் இறுகப் பிடிக்கும், அதனால் 10% குறைத்தால் 20.7. சென்டிமீட்டருக்கு 3 கண்ணி என்றால் 62. நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 60 அல்லது 64. புறங்கால் மேடு உயரமாக உள்ளவர்கள் 64 எடுங்கள். இனி எல்லாக் கணக்கும் 64க்குத்தான் சொல்கிறேன், உங்கள் எண் வேறு என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

நூலின் முனையில் நீளமாக வால் விட்டுக் கண்ணி ஏற்றும் நீள வால் முறையில் 64 கண்ணிக்கு ஒரு மீட்டர் நூல் விட்டால் போதும். இங்கே ஒரே ஒரு ஆபத்து, விளிம்பு இறுகிப்போவது. குதிகால் நுழையாத சாக்ஸை வைத்து என்ன செய்ய? இரண்டு ஊசிகளை ஒன்றாகப் பிடித்து அதன் மேல் கண்ணி ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிடுங்கள், வாய் தாராளமாக விரியும். கண்ணிகளை நான்கு ஊசிக்குப் பதினாறு பதினாறாகப் பிரித்து மேசைமேல் சதுரமாக வையுங்கள். கண்ணிகளின் அடிவிளிம்பு எல்லாம் சதுரத்தின் உள்பக்கம் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒரு முறுக்கு இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், இரண்டு சுற்றுக்கு மேல் போனால் பிரித்துத்தான் தீர வேண்டும். வட்டத்தைச் சேர்க்கும் இடத்தில் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் இடம் மாற்றிப் போட்டால் அந்த இடத்தில் வரும் சின்னப் பிளவு மறைந்துவிடும்.

முதல் மூன்று சுற்று நரகம். ஊசிகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு, முள்ளம்பன்றியைக் கையில் பிடித்த மாதிரி இருக்கும். எந்த நேரத்திலும் வேலை செய்வது இரண்டு ஊசிதான், மற்றவை சும்மா கண்ணியைச் சுமந்துகொண்டு நிற்கின்றன, அவற்றைக் கவனிக்காதீர்கள். இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று 4 சென்டிமீட்டருக்கு ரிப் போடுங்கள். பிறகு எல்லாமே நிட், விளிம்பிலிருந்து 14 அல்லது 15 சென்டிமீட்டர் வரும்வரை. எத்தனை சுற்று என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று விடாதீர்கள், இரண்டாவது சாக்ஸ் தொடங்கும்போது அந்தத் தாள்தான் துணை.

ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே கண்ணிகள் அகன்று ஏணிப்படி மாதிரி ஒரு கோடு விழுகிறதா? முதல் கண்ணியை இழுத்து இறுக்குவதால் பெரிய பலன் இல்லை. இரண்டாவது கண்ணியைப் பின்னிய பிறகு இழுங்கள், அதுதான் முதலாவதையும் சேர்த்துப் பிடிக்கும். அப்படியும் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் பாதி மறைந்துவிடும்.

சரி, குதிகாலுக்கு வந்துவிட்டோம்.

32 கண்ணிகளை இரண்டு ஊசிகளில் அப்படியே தூங்கவிடுங்கள், அது புறங்கால் பக்கம். சுற்று தொடங்கும் இடத்துக்கு இரு பக்கமும் உள்ள மீதி 32ஐ ஒரே ஊசிக்குக் கொண்டுவந்து, போவதும் வருவதுமாகத் தட்டையாகப் பின்ன வேண்டும். வெளிப்பக்க வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, அடுத்ததை நிட், திரும்ப மாற்றி, நிட், கடைசிவரை இப்படி. உள்பக்க வரிசையில் முதலாவதை மட்டும் மாற்றி, மீதி எல்லாம் பர்ல். பின்னாமல் மாற்றிய கண்ணிக்குப் பின்னால் நூல் ஒரு சிறு பாலம் போல ஓடும், அதனால் அந்த இடம் இரட்டைத் தடிமன் ஆகிறது. ஷூ உரசும் இடம் சரியாக அங்கேதான். இப்படி 32 வரிசை. இந்தத் தட்டைத் துண்டுதான் குதிகால் மடல். மடலின் இரண்டு ஓரத்திலும் சங்கிலி போலப் பெரிய கண்ணிகள் வந்திருக்கும், எண்ணினால் பக்கத்துக்கு 16. வரிசைகளை எண்ணிக் குழம்புவதைவிட இந்தச் சங்கிலியை எண்ணுவது எளிது.

இனி குதிகால் திருப்பம். வெளிப்பக்கத்தில் தொடங்குங்கள்: ஒன்றை மாற்றி, 17 நிட், அடுத்த இரண்டை ஒன்றாக்கி, இன்னும் 1 நிட். ஊசியில் இன்னும் 11 கண்ணி மிச்சம் இருக்கும், இருக்கட்டும், அப்படியே வேலையைத் திருப்புங்கள். இங்கே இரண்டை ஒன்றாக்குவது இடப்பக்கம் சாய வேண்டும்: இரண்டையும் ஒவ்வொன்றாக நிட் போடுவது போல வலது ஊசிக்கு மாற்றி, இடது ஊசியை அவற்றின் முன்புறமாக நுழைத்து, இரண்டையும் சேர்த்து நிட். உள்பக்கம்: ஒன்றை மாற்றி, 5 பர்ல், இரண்டைச் சேர்த்துப் பர்ல், 1 பர்ல், திருப்புங்கள். இப்போது இரண்டு ஓரத்திலும் 11, நடுவில் ஒரு சின்னத் தீவு.

திருப்பிய இடத்தில் ஒரு இடைவெளி பளிச்சென்று தெரியும். அடுத்தடுத்த வரிசையில் செய்வதெல்லாம் ஒன்றுதான்: ஒன்றை மாற்றி, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்புவரை பின்னி, இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் ஒன்றையும் சேர்த்து, 1 பின்னி, திருப்புவது. தீவு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கண்ணி அகலமாகும். கடைசி இரண்டு வரிசையில் சேர்த்த பிறகு பின்னுவதற்குக் கண்ணி மிஞ்சாது, அது பிழையில்லை. ஊசியில் 18 கண்ணி இருந்தால் சரியாக வந்திருக்கிறது. துணியைத் தூக்கிப் பாருங்கள், சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பி, ஏன் எப்படி என்று கேட்காமல் பின்னுகிறவர்களுக்கு இது சட்டென்று வருகிறது. பாதியில் நிறுத்தி யோசிக்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

அந்த 18ஐயும் நிட் போட்டுவிட்டு, மடலின் ஓரச் சங்கிலியிலிருந்து கண்ணி எடுங்கள். சங்கிலியின் இரண்டு இழைகளுக்கும் கீழே ஊசியை விட்டு நூலை இழுத்தால் 16 கிடைக்கும். மடலும் புறங்காலும் சந்திக்கும் மூலையில் ஒன்று கூடுதலாக எடுங்கள், இல்லாவிட்டால் அங்கே ஓட்டை விழும். புறங்கால் 32ஐப் பின்னி, அடுத்த மூலையில் 1, அந்த ஓரத்தில் 16, பிறகு குதிகாலின் முதல் 9. உள்ளங்காலின் நடுவில் நிற்கிறீர்கள், சுற்று இனி இங்கேதான் தொடங்கும். மொத்தம் 84: முதல் ஊசியில் 26, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 16, நான்காவதில் 26. அடுத்த சுற்றில் அந்த மூலைக் கண்ணிகளைப் பின்பக்கமாக ஊசி விட்டு முறுக்கிப் பின்னினால் ஓட்டைக்கு மிச்ச சொச்ச வாய்ப்பும் போய்விடும்.

84லிருந்து 64க்கு இறங்க வேண்டும். முதல் ஊசியில் கடைசி மூன்று கண்ணி இருக்கும்போது இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். நான்காவது ஊசியின் தொடக்கத்தில் 1 நிட், மேலே சொன்ன இடப்பக்கச் சாய்வுக் குறைப்பு ஒன்று. அடுத்த சுற்று குறைக்காமல். இப்படிப் பத்து தடவை குறைத்தால் எல்லா ஊசியிலும் மறுபடி பதினாறு.

அப்புறம் பாதம், வெறும் நிட், பேசிக்கொண்டே பின்னலாம். காலில் போட்டுப் பார்த்துக்கொண்டே போங்கள், ஊசி குத்தும் என்று பயந்தால் ஒரு தடிமனான நூலில் கண்ணிகளை மாற்றிவிட்டுப் போடுங்கள். பாதம் 24 சென்டிமீட்டர் என்றால் சாக்ஸ் 23 இருந்தால் போதும். விரல் முனைக்குச் சுமார் 5 போகும், ஆகவே குதிகாலின் பின்விளிம்பிலிருந்து 18 வந்ததும் குறைக்க ஆரம்பிக்கலாம்.

முதல் ஊசியிலும் மூன்றாவதிலும் கடைசியில் குறையுங்கள், இரண்டாவதிலும் நான்காவதிலும் தொடக்கத்தில். குறைப்பதற்கும் ஓரத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு கண்ணி. ஒரு சுற்றுக்கு 4 கண்ணி போகும். ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் எட்டு தடவை செய்தால் 32, பிறகு எல்லாச் சுற்றிலும் நான்கு தடவை செய்தால் 16. முதல் ஊசியின் 4 கண்ணியை மட்டும் பின்னி நூலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு ஊசியில் எட்டு எட்டாகச் சேர்த்து, 40 சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டுங்கள்.

விரல் முனை எல்லாச் சாக்ஸுக்கும் இப்படி வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. எகிப்தில் கிடைத்த, கி.பி. 300க்கும் 500க்கும் இடைப்பட்ட காலத்துச் சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும், வார் வைத்த செருப்போடு போடுவதற்கு. அது இரண்டு ஊசிப் பின்னல்கூடக் கிடையாது, ஒற்றை ஊசியில் நூலைக் கோத்து முடிச்சிட்டுச் செய்தது. பின்னல் இயந்திரத்தை இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் செய்தார், அதற்குப் பிறகும் கை ஊசி போய்விடவில்லை.

திரும்பி வருவோம். முனையை மூடுவதுதான் பலரும் தள்ளிப்போடும் வேலை. இதற்குக் கிச்னர் தையல் என்று பெயர், பின்னலில் இல்லாத ஒரு வரிசையைத் தையல் ஊசியால் வரைவது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய, காது பெரிய ஊசி வேண்டும், கூர் ஊசி நூலைப் பிளந்துவிடும். இரண்டு பின்னல் ஊசிகளையும் முன்னும் பின்னுமாகச் சேர்த்துப் பிடியுங்கள், வால் நூல் வலது ஓரத்தில் இருக்கட்டும். முதலில் முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் திசையில் விட்டு இழுங்கள், கண்ணி ஊசியிலேயே இருக்கட்டும். பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் திசையில், அதுவும் இருக்கட்டும். இது ஒரே ஒரு முறை செய்யும் ஏற்பாடு.

இனி திரும்பத் திரும்ப: முன் ஊசியில் நிட் திசையில் விட்டுக் கண்ணியைக் கழற்று, அடுத்ததில் பர்ல் திசையில் விட்டு வை. பின் ஊசியில் பர்ல் திசையில் விட்டுக் கழற்று, அடுத்ததில் நிட் திசையில் விட்டு வை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், 'முன்: நிட் கழற்று, பர்ல் வை, பின்: பர்ல் கழற்று, நிட் வை'. நடுவில் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள். நூல் எப்போதும் ஊசிகளின் முனைக்குக் கீழாகவே போக வேண்டும், மேலே சுற்றிக்கொண்டால் ஒரு கூடுதல் கண்ணி முளைக்கும். இழுத்து இறுக்கவும் வேண்டாம். தளர்வாகத் தைத்துவிட்டு, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாக ஊசி முனையால் தூக்கித் தூக்கி, அக்கம்பக்கத்துக் கண்ணியின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நன்றாக வந்தால் எங்கே மூடினோம் என்று தேட வேண்டியிருக்கும்.

இது பிடிக்கவே இல்லையா, சாக்ஸை உள்புறமாகத் திருப்பி மூன்றாவது ஊசியால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பின்னி மூடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய வரம்பு நிற்கும், தளர்வான ஷூவில் உறுத்தாது. இன்னும் இரண்டு சுற்று குறைத்து 8 கண்ணியாக்கி, நூலைக் கோத்துச் சுருக்குப்பை போல இழுத்துவிடவும் செய்யலாம். மூடாத அழகான சாக்ஸைவிட மூடிய சுமாரான சாக்ஸ் மேல்.

நூல்முனைகளுக்கு முடிச்சு போடாதீர்கள், நடக்கும்போது மணல் துகள் மாதிரி உறுத்தும். உள்பக்கம் திருப்பி, பின்னல் ஓடும் பாதையிலேயே ஊசியால் 5 சென்டிமீட்டர் தொடர்ந்து போய், திரும்பி எதிர்த்திசையில் 2 சென்டிமீட்டர் வாருங்கள். ரிப் பகுதியில் நிட் கண்ணிகளின் நிரையோடு மேலிருந்து கீழாகப் போங்கள், குறுக்கே போனால் அந்த இடம் விரியாது. நுனியை இப்போது ஒட்ட வெட்டக் கூடாது.

முதலில் நனைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் அமிழ்த்தி வைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, வடிவம் கொடுத்து நிழலில் காயவையுங்கள். நிறுத்தி வைக்கும் கால் வடிவப் பலகைகள் கடையில் உண்டு, தடித்த அட்டையில் உங்கள் பாதத்தை வரைந்து வெட்டிப் பிளாஸ்டிக் தாள் சுற்றினாலும் வேலை நடக்கும். காய்ந்து கண்ணிகள் அமர்ந்த பிறகு நுனிகளை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். முன்பே வெட்டினால் ஈரத்தில் நூல் நகர்ந்து நுனி வெளியே எட்டிப் பார்க்கும்.

இதே பழக்கம் மற்ற சின்ன வேலைகளுக்கும் பொருந்தும். கோடுபோட்ட தொப்பியில் நிறம் மாற்றும்போதெல்லாம் வால் தொங்கும், அதை அன்றன்றே செருகிவிடுங்கள், இருபது வால் சேர்ந்தால் யாருக்கும் கை வராது. குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் பின்னிய பொம்மையை மூடும்போது கடைசி 6 கண்ணியின் முன்பக்க இழைகளில் மட்டும் நூலைக் கோத்து இழுத்து, வாலைப் பொம்மைக்குள் குத்தி எதிர்ப்பக்கம் எடுத்து, லேசாக இழுத்துப் பிடித்து வெட்டினால் நுனி தானாக உள்ளே போய்விடும். கை, கால், காது தைக்கும் முன் ஊக்கு குத்தி நிறுத்தி, தள்ளி நின்று பாருங்கள். கம்பளிக் குஞ்சத்தின் நடுவே அதே கம்பளியால் கட்டினால் இழுக்கும்போது அறுந்துவிடும், மெழுகு தடவிய பருத்தி நூலோ பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் இழையோ நல்லது. பொத்தானைப் பின்னல்துணியில் தைக்கும்போது பின்னால் ஒரு குட்டிப் பொத்தானும் சேர்த்துத் தையுங்கள், துணி கிழியாது. சுருண்டுகொள்ளும் கோப்பை விரிப்புகளை ஈரப்படுத்தி, ஊசி குத்தி விரித்துக் காயவையுங்கள். அக்ரிலிக் நூல் என்றால் இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடாதீர்கள், ஆவியை மட்டும் தூரத்திலிருந்து காட்டுங்கள். சூடு பட்டு ஒருமுறை தொய்ந்த அக்ரிலிக் திரும்ப நிமிராது.

இரண்டாவது சாக்ஸ் விஷயத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் வேலை செய்கிறது: முதலாவதின் முனையை மூடிய அன்றே அடுத்ததற்குக் கண்ணி ஏற்றி, ரிப்பில் நான்கு சுற்றாவது பின்னிவிட வேண்டும். கையில் கணக்கு சூடாக இருக்கும், இறுக்கமும் மாறாது. ஒரு வாரம் விட்டால் உங்கள் கையே வேறு கை ஆகிவிடும், ஒரு சாக்ஸ் பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வரும். நிறம் தானாக மாறும் நூல் என்றால், முதல் சாக்ஸ் எந்த நிறத்தில் தொடங்கியதோ அந்த இடம் வரும்வரை நூலைச் சுற்றி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நூல் போதுமா என்று சந்தேகம் இருந்தால் சமையலறைத் தராசில் மிச்சத்தை எடை போடுங்கள். 100 கிராமில் முதல் சாக்ஸுக்கு 50க்கு மேல் போயிருந்தால், இரண்டிலும் விரல் முனைகளுக்கு வேறு நிறம் போட்டுவிடலாம், முதலாவதின் முனையை அதற்காகப் பிரிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

மிஞ்சிய நூலைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் லேபிளோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். குதிகாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணி மெலிந்து வெளிச்சம் ஊடுருவுகிறது என்றால் ஓட்டையாகும்வரை காத்திராமல், அந்த மிச்ச நூலால் இருக்கும் கண்ணிகளின் மேலேயே அதே பாதையில் ஒருமுறை தைத்துவிடுங்கள்.